வாட் கணக்கும் செவிக் கணக்கும்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் நாள்தோறும் காரில் பயணம் செய்யும் நண்பர்கள் பலருக்கு ஒரே மனக்குறை: வண்டியோடு வந்த ஸ்டீரியோவில் பாட்டு எடுபடவில்லை. கண்ணாடியை இறக்கினால் கடற்காற்று பாட்டை அள்ளிக்கொண்டு போகிறது. ஒலியைக் கூட்டினாலோ குரல் கரகரக்கிறது. உடனே கடைக்குப் போய்க் கூடுதல் வாட் கேட்கிறார்கள். தொடங்கவேண்டிய இடம் அதுவன்று என்பது நம் கருத்து.

பெட்டியின்மேல் '50 வாட் × 4' என்று அச்சிட்டிருப்பதைக் காண்கிறோம். காரின் மின்கலம் தருவது 12 வோல்ட். எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 14.4. இதைக்கொண்டு 4 ஓம் ஒலிபெருக்கியைச் சிதைவின்றி இயக்கினால் ஏறத்தாழ 20 வாட்தான் தேறும். பிறகு 50 எங்கிருந்து வந்தது? 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 52 கிடைக்கும். ஒலியலை முற்றிலும் சிதைந்து சதுரமாகிவிட்ட நிலைக்கு உரிய கணக்கு அது. அதாவது, கேட்கத் தகாத ஒலியின் அளவையே விளம்பரமாக நம்மிடம் விற்கிறார்கள்.

செவியின் கணக்கு வேறு. வாட்டை இருமடங்காக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. ஒலி இருமடங்காயிற்று என்று செவி உணர ஏறத்தாழ 10 டெசிபெல் கூடவேண்டும். அதற்குப் பத்து மடங்கு மின்திறன் தேவை. ஆனால் 1 வாட்டுக்கு 89 டெசிபெல் தரும் ஒலிபெருக்கியை நீக்கி, 92 தருவதைப் பொருத்தினாலே மின்திறனை இருமடங்காக்கிய பயன் கிட்டிவிடும். அடுத்து, கதவினுள் உள்ள துளைகளை அடைத்து, அதிரும் தகட்டில் அதிர்வடக்கும் தாளை ஒட்டவேண்டும். ஒலிபெருக்கியின் பின்புற ஒலி முன்புற ஒலியோடு கலந்து அதனை அழிப்பது குறையும். மிருதங்கத்தின் தொப்பி அப்போதுதான் தொப்பியாகக் கேட்கும்.

இவற்றுக்குப் பின்னும் மனம் நிறையாவிடில் தனி ஆம்ப்ளிஃபயர் வைக்கலாம். அது 12 வோல்ட்டைத் தன்னுள்ளேயே உயர்த்திக்கொள்வதால் மெய்யாகவே கூடுதல் திறன் தரும். ஒலிபெருக்கிக் கம்பியிலிருந்தே உள்ளீடு பெறும் வகையைத் தேர்ந்தால் பழைய ஸ்டீரியோவை மாற்ற வேண்டியதில்லை. மின்கம்பியை மின்கலத்திலிருந்து நேரே இழுத்து, அதன் அருகிலேயே ஃபியூஸ் இடவேண்டும். எர்த் கம்பியை வண்ணம் சுரண்டிய இரும்பில் முடுக்கவேண்டும். உப்புக்காற்று வீசும் நம் ஊரில் அந்த இணைப்புகளில் களிம்பு ஏறாமல் அவ்வப்போது பார்த்துக்கொள்வதும் அவசியம்.

இத்தனை சொல்வது வெறும் சிக்கனத்துக்காக அன்று. 85 டெசிபெல்லை நாளொன்றுக்கு 8 மணிநேரம் கேட்கலாம் என்பது தொழில் நலத்துறை அறிஞர் வகுத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் கால்மணி நேரமே மிஞ்சும். இழந்த செவிப்புலனை எந்த ஆம்ப்ளிஃபயரும் மீட்டுத் தராது. மேலும், கண்டெய்னர் லாரிகள் விரையும் துறைமுகச் சாலையில் பின்னால் வரும் ஆம்புலன்சின் ஒலி நமக்குக் கேட்டாகவேண்டும்.

முத்துக்குளித்த கரை இது. சிப்பியின் பருமனைக் கண்டு இங்கே யாரும் முத்துக்கு விலை சொன்னதில்லை. பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணைக் கண்டு மட்டும் ஒலிக்கு விலை கொடுப்பானேன்?