இரவல் பண்ணும் இறைவழிபாடும்



சென்ற ஆண்டு நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் வகுத்த மாலைப்பொழுதை உங்களுள் பலர் மறந்திருக்கக்கூடும். நான் மறக்கவில்லை, மறக்க இயலவும் இல்லை. வேதியியல் பயிலும் தம்பி ஒருவர், தூத்துக்குடிக் கடற்கரையூரில் பிறந்த கத்தோலிக்கர், தோளில் மாண்டலின் பையுடன் வந்து நின்றார். மாதாவின்மீது தாமே தமிழில் ஒரு பாட்டு இயற்றியிருப்பதாகவும், அதனைப் 'புளூகிராஸ்' என்னும் அமெரிக்க நாட்டுப்புற இசைமுறையில் அமைத்திருப்பதாகவும் கூறினார். மேடையில் ஐந்து நிமிடம் தந்தால் போதும் என்று கேட்டார். செயற்குழுவில் சிரிப்பெழுந்தது. "இது தமிழிசையுமன்று, கோயில் இசையுமன்று, இரண்டுங்கெட்டான்" என்றார் ஒருவர். வாக்கெடுத்தோம். வேண்டாம் என்று உயர்ந்த கைகளுள் என் கையும் ஒன்று. தம்பி வாதாடவில்லை. "சரி அண்ணே" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று உயர்ந்த என் கை தவறு செய்தது. அதனை ஒப்புக்கொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அந்த இசை எத்தகையது என்பதை அன்று நாம் கேட்கவே இல்லை. அமெரிக்காவின் தென்பகுதி மலைநாட்டுக்கு ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து நாடுகளிலிருந்து குடியேறிய உழவர்கள் கதைப்பாட்டுகளையும் பிடில் மெட்டுகளையும் கொண்டுவந்தார்கள். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்க மக்களோ, தாய்நாட்டு நினைவோடு சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி ஒரு நரம்புக் கருவி செய்துகொண்டார்கள். அதன் வழிவந்ததே பாஞ்சோ. இவ்விரு ஓடைகளும் கலந்த மண்ணில் தோன்றியவர் கென்டக்கி மாநிலத்துப் பில் மன்றோ (1911–1996). மாண்டலின் வாசித்த அவர், 1939-இல் 'புளூ கிராஸ் பாய்ஸ்' என்ற தம் குழுவுடன் நாஷ்வில் நகரத்தின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி அரங்கில் இடம்பெற்றார். 1945-இல் ஏர்ல் ஸ்கிரக்ஸ் வந்து சேர்ந்து, மூன்று விரல்களால் பாஞ்சோவை மழைபோல் பொழிந்தார். குழுவின் பெயரே பின்னர் இசையின் பெயராயிற்று. தொடக்கம் முதலே பக்திப் பாட்டுகள் அதில் பெரும்பங்கு பெற்றன; ஆயினும் பாடியவர்கள் பெரும்பாலும் பாப்டிஸ்ட் முதலிய சீர்திருத்தச் சபையினரே. கத்தோலிக்கருக்கு அது அடுத்த வீட்டு இசை.

அந்த அடுத்த வீட்டுக்குள் நுழைந்தவர்களும் உண்டு. வாஷிங்டன் நகரத்து டொமினிக்கன் சபைத் துறவியர் சிலர், பாஞ்சோவும் பிடிலும் கிட்டாரும் ஏந்திப் பக்திப் பாட்டுகள் பாடி, 2017-இல் தம் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டார்கள். குழுவின் பெயர் 'ஹில்பில்லி தாமிஸ்ட்ஸ்'. அக்குவினாவின் புனித தோமாவைப் பின்பற்றும் பட்டிக்காட்டார் என்று பொருள் கொள்ளலாம். கத்தோலிக்க எழுத்தாளர் பிளானரி ஓ'கானர் தம்மைப் பற்றி நகையாகச் சொன்ன சொற்கள் அவை. மறையியல் கற்ற துறவிகள் மலைநாட்டு எளிய மக்களின் பாட்டைத் தாழ்வென்று கருதவில்லை. ஆனால் நாம், பட்டப்படிப்பும் முடியாத நாம், கருதினோம்.

வாஷிங்டன் தொலைவில் உள்ளது, அதை விடுங்கள். என் மனத்தை மாற்றியது நாம் வாழும் இந்தக் கொச்சிதான். என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து, மிளகு மண்டியில் கணக்கெழுதிக் குடும்பத்தைக் காத்தவர். அந்தத் தெருக்களில் கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் மலையாளமும் ஒரே காற்றில் கலந்து வரும். இங்கே வளர்ந்த உம்பாயி (1950–2018) கஜலை மலையாளத்தில் பாடிப் புகழ்பெற்றார். அது யாருடைய இசை என்று மட்டாஞ்சேரி கேட்கவில்லை. இத்தகைய ஊரில் வளர்ந்த நான்தான் அன்று கை உயர்த்தினேன்!

சில மாதங்களுக்கு முன் ஓரிரவு, எங்கள் வீட்டிலிருந்து சிறிது தொலைவில், கோட்டைக் கொச்சிப் பக்கத்துத் தேவாலயத் திடலில் சவிட்டு நாடகம் நடக்கக் கண்டேன். சவிட்டு என்றால் மிதித்தல். பலகை மேடையில் முடியும் வாளும் ஜரிகை அங்கியும் தரித்த நடிகர்கள் பாடிக்கொண்டே ஓங்கி மிதிக்க, மேடையே முழவாகிறது. செண்டையும் இலைத்தாளமும் உடன் ஒலிக்கின்றன. பிராங்கியப் பேரரசன் சார்லமேனின் கதையான 'காறல்மான் சரிதம்' இக்கலையின் தலைசிறந்த நாடகம். போர்த்துக்கீசியர் காலத்தில் வேரூன்றிய இக்கலையைக் கொச்சி, கோதுருத்து முதலிய கரையோர ஊர்களின் இலத்தீன் கத்தோலிக்க மக்கள் இன்றளவும் காத்துவருகிறார்கள்.

தோழர்களே, அன்றிரவு என்னைத் தூக்கிவாரிப் போட்டது அந்த உடையுமன்று, மிதியுமன்று. பாட்டின் மொழி! நடிகர்கள் பாடியது தமிழ். மலையாள ஒலியில் தோய்ந்து, நூற்றாண்டுகளின் தேய்மானத்துடன், ஆயினும் ஐயமறத் தமிழ்! பழைய சவிட்டு நாடகச் சுவடிகள் தமிழிலும் தமிழ் கலந்த மலையாளத்திலும் அமைந்தவை. காறல்மான் சரிதத்தை இயற்றியவர் சின்னத்தம்பி அண்ணாவி என்னும் தமிழர் என்பது வழிவழிச் செய்தி. அண்ணாவி என்ற சொல்லைப் பாருங்கள்! யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கத்தோலிக்க நாட்டுக்கூத்தைப் பயிற்றுபவரை இன்றும் அண்ணாவியார் என்றே அழைக்கிறார்கள்.

ஆட்டம் முடிந்ததும் முதிய ஆசானை அணுகி, "ஆசானே, இந்தச் சொற்களுக்கெல்லாம் பொருள் தெரியுமா?" என்று கேட்டேன். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "சிலது எனக்குத் தெரியும், மோனே. மிச்சம் என் காலுக்குத் தெரியும்" என்றார்.

அந்த விடை என்னை வீடுவரை துரத்தி வந்தது. மீன்பிடித்தும் மரவேலை செய்தும் வாழ்ந்த மலையாள மக்கள், தம் வேதத்தின் வீரக் கதைகளைத் தமது தாய்மொழியல்லாத தமிழில் தலைமுறை தலைமுறையாகப் பாடியிருக்கிறார்கள். "தமிழ் நம்முடையதன்று, இதில் நம் இறைவனைப் பாடலாமா?" என்று அவர்களுள் எவரேனும் வாக்கெடுத்திருந்தால், அந்தச் சுவடிகளும் அந்தத் தமிழும் மண்ணோடு மண்ணாகியிருக்கும். நம் மொழிக்கு அவர்கள் மேடை தந்தார்கள். நாமோ, தமிழன் ஒருவன் தமிழிலே எழுதிய பாட்டுக்கு, அவன் கையிலிருந்த கருவி அயலூரினது என்பதற்காக, ஐந்து நிமிடம் தர மறுத்தோம். எவர் தமிழை வளர்த்தவர்? நீங்களே சொல்லுங்கள்.

இரவல் வாங்குவது இழிவென்றால், நம் சங்கீதத்தில் எஞ்சுவது என்ன? ஐரோப்பியரின் பிடிலைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தவராகப் போற்றப்படுபவர் பாலுசாமி தீட்சிதர். அவருடைய தமையனார் முத்துசாமி தீட்சிதரோ, ஆங்கிலேயரின் பாண்டு வாத்திய மெட்டுகளில் தெய்வத் துதிகளை அமைத்தார். அவற்றுள் ஒன்று ஆங்கில அரச வாழ்த்தின் மெட்டு. அம்பிகை அதனைத் தள்ளிவிட்டாள் என்று எவரும் சொன்னதில்லை! மாயவரத்தில் முன்சீப்பாக விளங்கிய வேதநாயகம் பிள்ளை (1826–1889), 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய அதே பெருந்தகை, கத்தோலிக்கர். அவர் தம் பக்தியைக் கீர்த்தனை வடிவில் வார்த்து, எச்சமயத்தாரும் பாடத்தக்க 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' தந்தார். நம் கோட்டைக் கொச்சியில் 1940-இல் பிறந்த கத்தோலிக்கர் யேசுதாஸ், நாடக நடிகரும் பாடகருமான தந்தை அகஸ்டின் ஜோசப்பிடம் பாட்டுப் பயின்று, பின்னர் செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணவரானார். சபரிமலையில் இரவு நடை சாத்தும் வேளையில் ஒலிப்பது அவர் குரல். கத்தோலிக்கத் திருச்சபையும், 1963 டிசம்பர் 4-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட வழிபாட்டு ஆவணத்தில், அந்தந்த மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்று கூறிவிட்டது.

"அப்படியானால் தமிழ்க் கத்தோலிக்கன் தமிழிசையில் பாடட்டுமே, மலைநாட்டு அமெரிக்கனின் பாட்டு எதற்கு?" என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதில் பாதி உண்மையும் உண்டு. வானொலியிலோ கைப்பேசியிலோ நான்கு பாட்டுக் கேட்டு, ஐந்தாவதைத் தன்னுடையது என்று மேடையேற்றுபவனை நானும் ஆதரியேன். இரவல் வாங்கியவனுக்கு இரண்டு கடமைகள் உள. முதலாவது, உழைத்துக் கற்பது. யேசுதாஸ் செம்பையிடம் பயின்றது போல, அந்த முதிய ஆசானின் கால்கள் கற்றது போல, கற்க வேண்டும். இரண்டாவது, நன்றி மறவாமை. பாஞ்சோவை எடுப்பவன் அதனுள் இருக்கும் அடிமைகளின் கண்ணீரை அறிந்து எடுக்க வேண்டும்; காறல்மானைக் காண்பவன் சின்னத்தம்பி அண்ணாவியை நினைக்க வேண்டும். இவ்விரண்டும் செய்தவனிடம் பிறப்புச் சான்று கேட்க நமக்கு உரிமையில்லை.

நம் தம்பி கற்றவரா? அதை அன்று நாம் சோதிக்கவே இல்லையே! ஒருமுறை வாசித்துக் காட்டும்படி கேட்டுவிட்டு மறுத்திருந்தால் அது தீர்ப்பு. கேளாமலே மறுத்தது வெறும் செருக்கு.

நான் இயற்பியல் மாணவன். தந்தி ஒன்றை மீட்டினால் எழும் சுருதியை அதன் நீளமும், இழுவிசையும், நீள அலகுக்குரிய நிறையும் தீர்மானிக்கின்றன என்று படிக்கிறோம். தந்தி செய்யப்பட்ட ஊர் அந்தச் சமன்பாட்டில் எங்கும் வருவதில்லை. ஆனால் எந்தச் சுருதியை எப்போது, எதற்காக மீட்டுவது என்பதையும் எந்தச் சமன்பாடும் சொல்வதில்லை. அது மீட்டுபவனின் உள்ளத்தைப் பொறுத்தது. அந்த உள்ளத்தைத்தான் ஆண்டு விழாவில் நாம் கேட்டிருக்க வேண்டும்.

இந்த ஆண்டு விழா நெருங்குகிறது. செயற்குழுவின்முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, அந்தத் தம்பியை நாமே தேடிச் சென்று, பாட்டைக் கேட்டு, தகுதியிருப்பின் மேடை தருவோம்; தகுதி போதாதாயின், கேட்டபின் அதனை அவரிடமே சொல்வோம். மற்றொன்று, கொச்சிக் கரையின் சவிட்டு நாடகக் குழு ஒன்றை அழைத்து, அவர்கள் காத்த தமிழை நம் மாணவர் கேட்கச் செய்வோம். ஆசான்கள் இசைந்தால் அச்சுவடிகளைப் படியெடுத்துப் பொருள் எழுதும் பணியைச் சங்கமே மேற்கொள்ளட்டும்.

வாக்கெடுப்பு வருமாயின், இம்முறையும் என் கை உயரும். ஆனால் அதற்கு முன் அந்தத் தம்பியிடம் சென்று மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு வேண்டாம் என்று கையுயர்த்திய தோழர்களே, உடன் வருகிறீர்களா?