ஊர்களை எண்ணாதீர்!

"அகலக்கால் வைக்காதே" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி சொல்வார்கள். கடன் வாங்குபவனுக்கு மட்டுமன்று, சுற்றுலா புறப்படுபவனுக்கும் அது பொருந்தும் என்பது என் தாழ்மையான கருத்து.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான். கடல் கடந்து வேலைக்குப் போன முதல் ஆள் என் பெரியம்மா மகன். ஜப்பானில் நகோயா நகருக்கு அருகே ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. சென்ற பிப்ரவரியில் தொலைபேசியில் பேசினார். "தம்பி, நீ படித்தவன். மே மாதம் ஐந்து நாள் லீவு வருகிறது. டோக்கியோ, கியோட்டோ, நாரா, ஒசாகா, ஹிரோஷிமா எல்லாம் பார்த்துவிட வேண்டும். திட்டம் போட்டுக் கொடு" என்றார். 'படித்தவன்' என்ற சொல் என் தலைக்கு ஏறிவிட்டது. ஒரே இரவில் ஐந்து ஊர்களையும் ஐந்து நாட்களுக்குள் அடக்கி அனுப்பினேன். மறுநாள் அண்ணன் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இதில் நான் எப்போது சாப்பிடுவது?"

அப்போதுதான் கணக்கை ஒழுங்காகப் போட்டேன். ஏப்ரல் 29, மே 3, 4, 5 ஆகியவை அங்கே அரசு விடுமுறைகள். மே 3, அவர்களின் அரசியலமைப்பு 1947-இல் நடைமுறைக்கு வந்த நாள். மே 5 குழந்தைகள் தினம். இவற்றோடு சனி, ஞாயிறும் சேர, நாடே மூட்டை கட்டிப் புறப்படுகிறது. இதைக் 'கோல்டன் வீக்' என்கிறார்கள். அந்நாட்களில் அதிவேக 'நொசோமி' இரயிலில் முன்பதிவு இல்லாத பெட்டியே கிடையாது. பயணச்சீட்டு ஒரு மாதம் முன்னதாகக் காலை 10 மணிக்கு விற்பனைக்கு வருகிறது.

ஓர் ஊரிலிருந்து மறு ஊருக்கு மாறுவதென்றால் காலையில் அறையைக் காலி செய்ய வேண்டும். புதிய அறை பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்குத்தான் கிடைக்கும். ஆக, ஒரு மாற்றத்துக்கு அரை நாள். நான்கு மாற்றங்களுக்கு இரண்டு நாட்கள்! போதாததற்கு, நகோயாவிலிருந்து டோக்கியோ கிழக்கே, மற்ற நான்கும் மேற்கே.

எனவே புதிய திட்டம் தீட்டினேன். தங்குவது ஒசாகாவில் மட்டும். அங்கிருந்து கியோட்டோ சாதாரண விரைவு இரயிலில் அரை மணி. நாரா ஒரு மணிக்குள். 1993-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான ஹிமேஜி கோட்டை சுமார் ஒரு மணி. இவற்றுக்கு முன்பதிவும் வேண்டாம். கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி கோவில் எந்நேரமும் திறந்திருப்பதால் விடியற்காலையிலேயே போய்விடலாம்.

"மறுபடி வாய்ப்பு வருமா? எல்லாவற்றையும் பார்த்துவிடுவதுதானே அறிவு?" என்று என் நண்பன் வாதிட்டான். மறுபடி வராது என்பவனே நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பேன். இரயில் ஜன்னலில் ஓடி மறைந்ததைப் 'பார்த்தேன்' என்று எப்படிச் சொல்வது? இன்னொருவரோ, "கூட்டமான நாளில் ஏன் போக வேண்டும்?" என்றார். நாட்கள் தன் கையில் உள்ளவருக்கு அந்த யோசனை சரி. ஆலை மூடினால்தான் ஓய்வு என்றிருக்கும் தொழிலாளி வேறு எந்த நாளில் போவான்? அந்தக் கூட்டம் முழுவதும் அவனைப் போன்றவர்களே. அதைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் போய் வந்தார். நாரா பூங்காவில் மான்களுக்கு நடுவே புல்தரையில் கால் நீட்டி அமர்ந்திருக்கும் படம் ஒன்றை அனுப்பியிருந்தார். பெரியம்மா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "பிள்ளை நல்லா உட்கார்ந்திருக்கான்" என்றார். கோவிலையோ கோட்டையையோ அவர் கேட்கவே இல்லை.

நண்பர்களே, அடுத்த ஆண்டு நம் துறைச் சுற்றுலாவுக்கு ஊர்ப் பட்டியல் எழுதும்போது, உட்காரவும் ஒரு நேரம் எழுதுங்கள். இது தலைக்கனத்தோடு முதல் திட்டத்தைப் போட்டவனின் வேண்டுகோள்.