மனிதனும் அவன் பங்காளியும்

சிம்பன்சியும் மனிதனும் பங்காளிகள். சிம்பன்சியிலிருந்து மனிதன் பிறக்கவில்லை. இருவருக்கும் பாட்டன் ஒருவன். சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு குடும்பம் இரண்டாகப் பிரிந்தது.

இன்று ஒருவன் காட்டில் பழம் பறிக்கிறான். மற்றவன் சந்திரனுக்கே போய் வந்துவிட்டான். இந்த வித்தியாசம் எப்படி வந்தது?

உடம்பை உருவாக்கும் கட்டளைகள் செல்களில் உள்ள ஜீன்களில் எழுதப்பட்டிருக்கின்றன. 2005-ம் ஆண்டில் விஞ்ஞானிகள் சிம்பன்சியின் ஜீன் எழுத்துக்களைப் படித்து, மனிதனுடைய எழுத்துக்களோடு ஒப்பிட்டார்கள். நேருக்கு நேர் வைத்துப் பார்த்த இடங்களில், 100 எழுத்துக்குச் சுமார் 1 எழுத்துதான் மாறியிருந்தது!

இது முன்பே எதிர்பார்த்ததுதான். எழுத்தில் உள்ள வேற்றுமை மட்டும் போதாது, ஜீன்கள் வேலை செய்யும் முறையிலேயே வேற்றுமை இருக்கவேண்டும் என்று மேரி கிளேர் கிங், ஆலன் வில்சன் ஆகிய இருவரும் 1975-லேயே சொன்னார்கள்.

இரண்டு வீட்டிலும் பருப்பு, புளி, மிளகாய், உப்பு இருக்கின்றன. ஒரு வீட்டில் சாம்பார் கொதிக்கிறது. அடுத்த வீட்டில் ரசம் மணக்கிறது. சாமான் ஒன்றுதான். அளவு வேறு, பக்குவம் வேறு. ஜீன்களின் கதையும் அதுதான்.

ஒரு ஜீன் வேலை செய்யும்போது, அதன் கட்டளை ஆர்.என்.ஏ. என்ற நகலாக வெளிவருகிறது. நகல்களை எண்ணினால், அந்த ஜீன் எவ்வளவு மும்முரமாக உழைக்கிறது என்று தெரியும். 2002-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகர விஞ்ஞானிகளும் அவர்களுடைய கூட்டாளிகளும் மனிதன், சிம்பன்சி, ஒராங்குட்டான், மக்காக் குரங்கு ஆகியவற்றின் ரத்தம், ஈரல், மூளையை இப்படி ஒப்பிட்டார்கள். மனிதனின் மூளையில் மாறுதல் வேகம் அதிகம் என்று கண்டார்கள்.

ஆனால் ஒப்பிடுவதற்கும் ஒரு நியாயம் உண்டு. மனிதன் சமைத்துச் சாப்பிடுகிறான். சிம்பன்சி பழமும் இலையும் தின்கிறது. ஜீன்கள் மாறி வேலை செய்வது பிறப்பாலா, சாப்பாட்டாலா?

2008-ல் வெளியான ஒரு சோதனை இந்தச் சந்தேகத்துக்குப் பதில் தேடியது. சில எலிகளுக்குச் சிம்பன்சியின் தீனி. சில எலிகளுக்கு மனிதர் சாப்பாடு. இரண்டே வாரம்தான். எலிகளின் ஈரலில் ஏராளமான ஜீன்கள் வேறு விதமாக வேலை செய்தன! மூளையிலோ மாற்றம் தென்படவில்லை.

பார்த்தீர்களா? சாப்பாட்டினால் வந்த வேற்றுமையைப் பிறவி வேற்றுமை என்று அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லியிருந்தால் எவ்வளவு பெரிய தவறு!

இப்போது நல்ல வழி பிறந்திருக்கிறது. தோலில் எடுத்த செல்களை, எந்த உறுப்பின் செல்லாகவும் வளரக்கூடிய குருத்துச் செல்களாக மாற்றுகிறார்கள். சிகாகோ பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 7 சிம்பன்சிகளின் செல்களை இப்படி மாற்றி, 2015-ல் வெளியிட்டார்கள். மனிதச் செல்லுக்கும் சிம்பன்சிச் செல்லுக்கும் ஒரே தட்டு, ஒரே உணவு. தராசு நேராக நிற்கிறது. உயிருக்கும் சேதம் இல்லை.

அறிவு வளர்ந்தால் போதாது, உறவும் பிழைக்கவேண்டும். சிம்பன்சி அழியும் ஆபத்தில் இருக்கிறது. கொரில்லாவும் ஒராங்குட்டானும் அதைவிடப் பெரிய ஆபத்தில் இருக்கின்றன. காடு சுருங்குகிறது, வேட்டை நிற்கவில்லை. சோதனைச்சாலையில் செல்லை வளர்க்கலாம். குட்டியை மடியில் வைத்து வளர்க்கும் தாயை அங்கே உண்டாக்க முடியாது.

மனிதன் எப்படி மனிதன் ஆனான் என்பதற்கு அந்தப் பங்காளிகளே சாட்சி. பங்காளியின் வீட்டை இடித்துவிட்டு, குடும்பச் சரித்திரத்தை யாரிடம் போய்க் கேட்பது?