முப்பது எந்த வீதிக்கு?

நடப்போரும் சைக்கிளில் போவோரும் வாகனங்களோடு கலக்கும் இடங்களில் வேக எல்லை மணிக்கு 30 கிலோமீட்டர் என்றது 2020ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் பிரகடனம். அதே ஆண்டு ஐ.நா. பொதுச்சபையும் அதை ஏற்றது. வேல்ஸ் 2023 செப்டெம்பரில் 20 மைலுக்கு இறங்கியது. எதிர்ப்புக் கிளம்பி, சில வீதிகளில் பின்வாங்கவும் நேர்ந்தது. இலங்கையில் குடியிருப்புப் பகுதிகளில் இன்னும் 50, முச்சக்கரவண்டிக்கு 40. பாடசாலை அருகே 30 வேண்டும் என்பதே இவ்விதழின் நிலைப்பாடு.

30இல் வரும் கார் முழுதாக நின்றுவிடும் தூரத்தில், 50இல் வருபவரின் கால் பிரேக்குக்கே போயிராது. அதுவும் உலர்ந்த சமதளக் கணக்கு. ராகலைப் பக்கத்து இறக்கத்தில், பனிமூட்டத்தில், முடக்குக்கு முடக்கு பார்வைத் தூரம் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் மண்மேடும் திறந்த கானும், மறுபக்கம் பள்ளம். மழையில் பிள்ளைகள் குடையை முன்னால் சாய்த்துக்கொண்டு தாரிலேயே நடக்கிறார்கள். 

2025 மே 12இல் நடைக்கும் சைக்கிளுக்குமான உலக வீதிப் பாதுகாப்பு வாரம் தொடங்கியது. அதற்கு முந்தைய நாள்தான் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பிறகு பேச்செல்லாம் பஸ்ஸைப் பற்றியே. நடக்கிற பிள்ளையை யாரும் நினைக்கவில்லை.

சரி, 30 பலகையை எங்கே நடுவது? ஏ, பி தர வீதிகளுக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபை இருக்கிறது. சி, டிக்கு மாகாணம். லயத்திலிருந்து பிள்ளை இறங்குவது தோட்ட வீதியில். கொழுந்து லொறிக்கும் ஓட்டோவுக்கும் அதே வழிதான். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, அங்கே சபை செலவழிக்கத் தடையாக நின்றது. 31 வருடம் வாக்குக் கேட்க வந்தவர்களுக்கு மட்டும் அந்த வீதி தெரிந்தது. 2018இல் திருத்தம் வந்தது. இன்றும் கான் மூடி கேட்டுப் போனால் சபை மேசை “தோட்டக் கம்பனியிடம் கேளுங்கள்” என்கிறது. கம்பனி மேசை “சபையிடம் கேளுங்கள்” என்கிறது. கடிதம் போட்டால் “கவனத்திற் கொள்ளப்பட்டது” என்று பதில். அது எந்த மொழியில் வருகிறது என்பது வேறு கதை. எவர் பதிவேட்டிலும் இல்லாத வீதிக்கு 30 கேட்டு யாரிடம் விண்ணப்பிப்பது?

வலப்பனைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களே, பாடசாலைகளைச் சுற்றியுள்ள தோட்ட வீதிகளை அளந்து, கானின் நிலையையும் பிள்ளைகள் நடக்கும் நேரத்தையும் குறித்து, பதிவேட்டில் ஏற்றும்படி சபைக்கு எழுத்தில் கொடுங்கள். பிரதியொன்றை எங்களுக்கும் அனுப்புங்கள்; வீதி வீதியாக அச்சிடுவோம்.