உலக சாம்பியனுக்குப் பின் சீட்டா? ஜப்பான் கால்பந்து வீராங்கனை ஹோமரே ஸவாவின் கதை சொல்வது என்ன?

2012 ஜூலை மாதம். லண்டன் ஒலிம்பிக்குக்காக ஜப்பானின் இரண்டு கால்பந்து அணிகள் ஒரே விமானத்தில் ஐரோப்பாவுக்குக் கிளம்பின. ஆண்கள் அணிக்கு பிசினஸ் கிளாஸ். பெண்கள் அணிக்கு அதற்குப் பின்னால், எகானமி பக்கம் சீட். இத்தனைக்கும் பெண்கள் அணி முந்தைய ஆண்டுதான் உலகக்கோப்பையை வென்றிருந்தது. ஆண்கள் தரப்பில் போனதோ 23 வயதுக்குட்பட்டோருக்கான ஒலிம்பிக் அணி.

ஏன் இந்த வித்தியாசம் என்ற கேள்விக்கு ஜப்பான் கால்பந்து சங்கம் சொன்ன காரணம் ரொம்ப எளிமையானது. ஆண்கள் 'புரொஃபெஷனல்' வீரர்களாம்!

இதைப் பற்றிக் கேட்டபோது ஹோமரே ஸவா கோபப்படவில்லை. தலைகீழா இருந்திருக்கணும், வயசுல பார்த்தாலும் நாங்கதானே சீனியர் என்கிற தொனியில் சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனார். அப்போது அவர் ஃபிஃபாவின் 'ஆண்டின் சிறந்த வீராங்கனை' விருது பெற்றவர். கடைசியில் லண்டனில் பெண்கள் அணி வெள்ளிப் பதக்கம் வாங்கியது. ஆண்கள் அணிக்கு 4-ம் இடம்.

நம்ம ஆபீஸ்களில் 'கொஞ்சம் புரொஃபெஷனலா இருங்க' என்று சொன்னால் அது வேலையில் இருக்கிற திறமையையும் ஒழுங்கையும் குறிக்கும். விளையாட்டில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம். நீங்கள் எப்படி ஆடுகிறீர்கள் என்பதை அது பார்ப்பதில்லை. ஆடுவதற்கு யாராவது சம்பளம் தருகிறார்களா என்பதைத்தான் பார்க்கிறது. ஸவாவின் 25 வருட ஆட்ட வாழ்க்கையை எடுத்துப் பார்த்தால், திறமைக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. அந்தத் திறமைக்குச் சம்பளம் கொடுக்கும் இடங்கள்தான் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டே வந்தன.

12 வயதில் லீக் ஆட்டம்

1978-ல் டோக்கியோ பக்கத்தில் இருக்கும் ஃபுச்சூவில் பிறந்தவர் ஸவா. சின்ன வயதில் பையன்களோடு ஆடித்தான் பழகினார். 1991-ல், வெறும் 12 வயதில், யோமியூரி பெலேசா கிளப்புக்காக பெண்களின் தேசிய லீக்கில் களமிறங்கினார். 15 வயதில் ஜப்பான் அணி. பிலிப்பைன்ஸுக்கு எதிரான அந்த முதல் சர்வதேச ஆட்டத்திலேயே 4 கோல் அடித்தார்.

அந்த லீக் 1989-ல் தொடங்கியது. ஆண்களின் ஜே லீக் வந்ததே 1993-ல்தான். அதாவது ஜப்பானில் பெண்களின் தேசிய லீக்கு வயது அதிகம். ஆனால் அது கம்பெனிகளின் தயவில் ஓடிய லீக். பெரிய நிறுவனங்கள் அணிகளை நடத்தும், வீராங்கனைகளில் பலருக்கு அந்த நிறுவனத்திலேயே ஒரு வேலை இருக்கும், பகலில் ஆபீஸ், சாயங்காலம் பயிற்சி. பொருளாதாரம் நன்றாக இருந்தவரை பிரச்சினை இல்லை. வெளிநாட்டு நட்சத்திரங்களே வந்து ஆடினார்கள்.

90-களின் கடைசியில் பொருளாதாரம் தள்ளாடியதும் கம்பெனிகள் முதலில் கை வைத்த செலவுகளில் பெண்கள் கால்பந்தும் ஒன்று. நிக்கோ செக்யூரிட்டீஸ் நிறுவனத்தின் அணி 1996, 97, 98 என வரிசையாக மூன்று முறை லீக்கை வென்றது. அதோடு அணியையே கலைத்துவிட்டார்கள். ஆமாங்க, சாம்பியன் அணியைத்தான்! 1999 உலகக்கோப்பையில் முதல் சுற்றோடு வெளியேறியதால் சிட்னி ஒலிம்பிக் வாய்ப்பும் ஜப்பானுக்குப் போனது. ஒலிம்பிக் இல்லையென்றால் விளம்பரம் இல்லை, விளம்பரம் இல்லையென்றால் ஸ்பான்சர் இல்லை.

போன இடமெல்லாம் பூட்டு

ஸவா அமெரிக்காவுக்குக் கிளம்பினார். அங்கே 2001-ல் பெண்களுக்கான முழுமையான புரொஃபெஷனல் லீக் தொடங்கியது. அட்லாண்டா பீட் அணியில் சேர்ந்தார். மூன்று சீசனில் இரண்டு முறை இறுதிப்போட்டி. 2003 செப்டம்பரில், உலகக்கோப்பை தொடங்க 5 நாள் இருக்கும்போது, அந்த லீக் பணமில்லாமல் நிறுத்தப்பட்டது.

மறுபடி டோக்கியோ, மறுபடி பெலேசா. 2009-ல் அமெரிக்காவில் இன்னொரு லீக் முளைத்தது. வாஷிங்டன் ஃபிரீடம் அணிக்காக இரண்டு சீசன் ஆடினார். அவர் திரும்பி வந்து ஐநாக் கோபே அணியில் சேர்ந்த கொஞ்ச நாளில், அதாவது 2012-ல், அந்த லீக்கும் மூடப்பட்டது.

ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு இது புரியும். உங்கள் அப்ரைசல் ஒவ்வொரு முறையும் பிரமாதமாக இருக்கிறது, ஆனால் கம்பெனிதான் இழுத்து மூடப்படுகிறது என்றால் எப்படி இருக்கும்? அதுவும் 30 வயதுக்குள் உச்சத்தைத் தொட வேண்டிய ஒரு தொழிலில்.

நடுவில் ஒரு நல்ல திருப்பமும் வந்தது. 2004 ஏப்ரலில் ஏதென்ஸ் ஒலிம்பிக் தகுதிச்சுற்றில் வட கொரியாவை டோக்கியோவில் 3-0 என்று ஜப்பான் வீழ்த்தியது. முழங்கால் காயத்தோடு ஆடினார் ஸவா. பார்க்க வந்தவர்கள் 31 ஆயிரத்துக்கும் மேல். அதற்குப் பிறகுதான் பொதுமக்களிடம் பெயர் கேட்டு 'நாடெஷிகோ ஜப்பான்' என்று அணிக்குச் சூட்டினார்கள். நாடெஷிகோ ஒரு மென்மையான இளஞ்சிவப்புப் பூ. அடக்கமும் பொறுமையும் உள்ள 'லட்சிய ஜப்பானியப் பெண்ணை' அந்தப் பூவின் பெயரால் அழைப்பது அங்கே பழைய வழக்கம். 90 நிமிடம் முட்டி மோதும் அணிக்கு இந்தப் பெயரா என்று கேட்கத்தான் தோன்றும். பொறுமை விஷயத்தில் மட்டும் பெயர் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

அணு உலையில் வேலை பார்த்தவரின் கோல்

2011 மார்ச் 11-ல் நிலநடுக்கமும் சுனாமியும் ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரையைச் சிதைத்தன. ஃபுகுஷிமா அணுமின் நிலையம் விபத்துக்குள்ளானது. அந்த நிலையத்தை நடத்திய டெப்கோ மின்சார நிறுவனத்துக்கு 'மரீஸ்' என்ற பெண்கள் கால்பந்து அணி இருந்தது. அணியின் வீராங்கனைகள் டெப்கோ ஊழியர்கள். விபத்துக்குப் பிறகு அந்த அணியின் ஆட்டம் நின்றது. அவர்கள் பயிற்சி செய்த ஜே வில்லேஜ் மைதான வளாகம், அணு உலை மீட்புப் பணியாளர்களின் முகாமாக மாறியது.

நான்கே மாதத்தில் ஜெர்மனியில் உலகக்கோப்பை. போட்டியை நடத்திய ஜெர்மனிதான் அதற்கு முந்தைய இரண்டு முறையும் சாம்பியன். காலிறுதியில் அவர்களோடு மோதும் முன் பயிற்சியாளர் நோரியோ சசாகி, சுனாமி அழிவின் படங்களை வீராங்கனைகளுக்குப் போட்டுக் காட்டினார். கூடுதல் நேரத்தில், 108-வது நிமிடம், ஸவா தட்டிக்கொடுத்த பந்தை ஓடிப்போய் கோலாக்கினார் கரீனா மருயாமா. 1-0. மருயாமா முன்பு மரீஸ் அணியில் ஆடியவர், ஃபுகுஷிமா அணுமின் நிலையத்திலேயே வேலை பார்த்தவர். இடது பக்கத் தடுப்பு ஆட்டத்தைக் கவனித்த அயா சமேஷிமாவும் அப்படித்தான்.

'ஆண்கள் புரொஃபெஷனல்கள்' என்று சொன்னவர்கள் இந்த இருவரின் கதையையும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஜூலை 17, பிராங்பர்ட். இறுதிப்போட்டியில் எதிரே அமெரிக்கா. அதற்கு முன் ஆடிய 25 ஆட்டங்களில் ஒருமுறைகூட ஜப்பான் அவர்களை ஜெயித்ததில்லை. கூடுதல் நேரத்தில் 2-1 என்று அமெரிக்கா முன்னிலை. 117-வது நிமிடத்தில் அயா மியாமா கார்னர் கிக் அடிக்கிறார். பக்கத்துக் கம்பத்தை நோக்கிப் பாய்ந்த ஸவா, வலது காலின் வெளிப்பக்கத்தால் பந்தை லேசாகத் திருப்பிவிடுகிறார். கோல்! பெனால்டி ஷூட் அவுட்டில் 3-1 என்று ஜப்பான் ஜெயித்தது. ஆண், பெண் இரு பிரிவிலும் சேர்த்து, ஃபிஃபாவின் சீனியர் உலகக்கோப்பையை வென்ற முதல் ஆசிய அணி அதுதான். 5 கோல் அடித்த 32 வயது கேப்டனுக்கு தங்கக் காலணி, தங்கப் பந்து இரண்டும்.

கூட்டம் வந்தது, லீக் வரவில்லை

அடுத்து நடந்ததில்தான் பெரிய தவறு இருக்கிறது. கோப்பையோடு வந்த அணிக்கு அரசு 'மக்கள் கௌரவ விருது' கொடுத்தது. அணியாக அந்த விருதைப் பெற்றது இவர்கள்தான் முதல்முறை. உள்ளூர் லீக் மீண்டும் தொடங்கியபோது கோபேயில் ஐநாக் ஆட்டத்துக்கு 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் திரண்டார்கள். சூடு இருக்கும்போதே அடித்திருக்க வேண்டிய நேரம். ஆனால் புரொஃபெஷனல் லீக் தொடங்கியது 2021 செப்டம்பரில். சரியாகப் பத்து வருடம் கழித்து!

அதற்குள் எல்லாமே ஆறிப்போயிருந்தது. 2015 உலகக்கோப்பை இறுதிப்போட்டியில் அமெரிக்காவிடம் 2-5 என்று தோற்றார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஸவா ஓய்வு பெற்றார். 205 சர்வதேச ஆட்டங்கள், 83 கோல்கள், 6 உலகக்கோப்பைகள். கடைசி ஆட்டமான எம்ப்ரஸ் கோப்பை இறுதிப்போட்டியிலும் கார்னரில் வந்த பந்தைத் தலையால் முட்டி, ஆட்டத்தின் ஒரே கோலை அடித்துவிட்டுத்தான் போனார். 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு ஜப்பான் பெண்கள் அணி தகுதி பெறவே இல்லை.

கம்பெனி முறையில் ஒரு நியாயம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கால் உடைந்தாலும் வேலை போகாது, ஓய்வு பெற்ற பிறகும் ஒரு மேசை காத்திருக்கும். அமெரிக்காவின் இரண்டு லீக்குகளும் கவிழ்ந்ததைப் பார்த்தவர்கள் பயந்ததிலும் அர்த்தம் இருக்கிறது. ஆனால் பயத்துக்கு விலை பத்து வருடம் என்றால் அது ரொம்ப அதிகம்.

புதிய 'வீ லீக்' 11 அணிகளோடு வந்தது. ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது 15 பேருக்கு புரொஃபெஷனல் ஒப்பந்தம் தர வேண்டும், ஆண்டுக்கு குறைந்தபட்ச சம்பளம் 27 லட்சம் யென் என்பது தொடக்க விதியாக இருந்தது. மாதத்துக்கு சுமார் 2.25 லட்சம் யென். டோக்கியோவில் வாடகை கொடுத்து வாழ்பவருக்கு இது பெரிய தொகை இல்லை. ஆனாலும் பகல் முழுக்க ஆபீஸில் இருந்துவிட்டு ராத்திரி பயிற்சிக்கு ஓட வேண்டியதில்லை. நல்ல தொடக்கம்தான். கொரோனா காலத்தில் தொடங்கியதால் 5 ஆயிரம் ரசிகர்கள் என்ற இலக்கு எட்டாக்கனியானது. முதல் சீசனில் சராசரி 2 ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. 2011-ல் கோபேயில் திரண்ட கூட்டத்தோடு ஒப்பிட்டால் தாமதத்தின் விலை தெரியும்.

சம்பளம் மட்டும் கொடுத்தால் போதாது, ஆட்டம் கண்ணில் படவும் வேண்டும். 2023 உலகக்கோப்பைக்கு ஜப்பானில் ஒளிபரப்பு உரிமை கடைசி வரை விலை போகவில்லை. தொடங்க ஒரு வாரம் இருக்கும்போதுதான் என்எச்கே வாங்கியது. ஒருமுறை சாம்பியன், ஒருமுறை ரன்னர் அப் ஆன நாட்டில் இந்த நிலைமை! அந்தத் தொடரில் ஜப்பான், பின்னர் கோப்பையை வென்ற ஸ்பெயினையே 4-0 என்று துவைத்தெடுத்தது. 5 கோலோடு தங்கக் காலணியை வாங்கியவர் ஹினாடா மியாசவா. 2011-ல் ஸவா அடித்த அதே எண்ணிக்கை.

மியாசவா அப்போது ஆடிய கிளப் மைனவி செண்டை. ஃபுகுஷிமாவில் முடங்கிப்போன மரீஸ் அணியின் வீராங்கனைகளைச் சேர்த்து, 2012-ல் பக்கத்து ஊரான செண்டையில் உருவாக்கிய அணிக்குப் பின்னர் வந்த பெயர்தான் அது. உலகக்கோப்பை முடிந்த சில வாரங்களில் மியாசவா மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போய்விட்டார்.