இன்குபேட்டர் மீதா பழி, பாதை மீதா?



கூரியரில் வரும் வாத்து முட்டை பொரியாவிட்டால் எல்லோரும் இன்குபேட்டரைத்தான் திட்டுகிறார்கள். பாதிப் பழி பாதைக்குரியது. அடை வைக்கும்வரை முட்டை குளுமையில் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மூடிய வேனுக்குள் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி மடிந்துபோகிறது. குலுங்கி வந்த முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள்: அகன்ற முனையில் அசையாமல் நிற்க வேண்டிய காற்றறை, சாய்க்கிற பக்கமெல்லாம் நழுவும். வெளிநாட்டில் தபாலிலேயே அனுப்புகிறார்களே என்பார்கள். அங்கும் வந்த முட்டையைக் கூர்முனை கீழாக ஒரு நாள் ஆறவைத்துத்தான் இன்குபேட்டரில் அடுக்குகிறார்கள். அப்படியும் சேதம் உண்டு. 28 நாள் கரண்ட் செலவு வேறு (மஸ்கோவி வாத்துக்கு 35). ஆரணிப் பக்கம் வாத்து மேய்ப்பவர்கள் இருக்கும்போது, கீழ்க்கட்டளைக்காரர்கள் பஸ் ஏறிப் போய் முட்டையை மடியில் வைத்தே கொண்டுவரலாம். அடைக்கோழி கிடைத்தால் கரண்ட் செலவும் மிச்சம்.

— வாசகர், கீழ்க்கட்டளை