டயருக்கும் வயது உண்டு



மருந்துக் கடையில் மாத்திரை அட்டையைத் திருப்பி நாள் பார்க்கிறோம். பால் பையானாலும் ரொட்டியானாலும் குழந்தைக்கான மாவு டப்பாவானாலும், நாள் பார்க்காமல் நம் வீட்டுப் பெண்கள் வாங்குவதில்லை. ஆனால் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துக் காருக்குப் புது டயர் வாங்கும்போது மட்டும் நிறுவனத்தின் பெயரையும் விலையையும் கேட்பதோடு நின்றுவிடுகிறோம். மனைவி, மக்கள், வயதான பெற்றோர் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு எண்பது, நூறு கிலோமீட்டர் வேகத்தில் விரையும் வண்டி, ஒவ்வொரு சக்கரத்திலும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலத்தில்தான் தரையைத் தொடுகிறது. அந்த உள்ளங்கை இடத்தில் இருக்கும் ரப்பர் எந்த ஆண்டு செய்யப்பட்டது என்று கேட்க வேண்டாமா?

கேட்டே தீர வேண்டும் என்பர் ஒரு சாரார். ஓடாமல் கடையில் கிடந்த டயர் எப்படிப் பழசாகும், அதெல்லாம் வீண் பயம் என்பர் மற்றொரு சாரார். இரு சாராரிடமும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை இரு சாராருமே பார்ப்பதில்லை.

முதலில் அந்தத் தேதியை எங்கே பார்ப்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன். டயரின் பக்கச் சுவரில் ஏராளமான எழுத்துகளும் எண்களும் புடைத்திருக்கும். அவற்றில் ஒரு நீள்வட்டக் குழிக்குள் நான்கு இலக்கங்கள் தனியே இருக்கும். பெரும்பாலும் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுடன் தொடங்கும் நீண்ட குறியீட்டின் கடைசியில் அவை அமைந்திருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும், பின்னிரண்டு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். 3523 என்றிருந்தால் 2023ஆம் ஆண்டின் 35ஆம் வாரம், அதாவது ஆகஸ்ட் மாதக் கடைசி. நான்குக்குப் பதில் மூன்றே இலக்கங்கள் இருந்தால் அந்த டயர் 2000ஆம் ஆண்டுக்கு முன் பிறந்தது. அதை யாரேனும் உங்களுக்கு விற்க முன்வந்தால் பேச்சை வளர்க்காமல் வெளியேறிவிடுங்கள். இன்னொரு செய்தி: பல டயர்களில் இந்தத் தேதி ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். வண்டியில் மாட்டியபின் அந்தப் பக்கம் உட்புறமாகப் போய்விட்டால், குனிந்து பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

இனி, ரப்பர் ஏன் மூப்படைகிறது என்பதைப் பார்ப்போம். மேசை இழுப்பறையில் நெடுநாள் மறந்து கிடந்த ரப்பர் வளையத்தை எடுத்து இழுத்துப் பாருங்கள். நீளாமல் பட்டென்று அறுந்துவிடும். அதை யாரும் பயன்படுத்தவில்லை, ஆயினும் அது கெட்டுவிட்டது. காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பரோடு வினைபுரிந்து அதன் நெகிழ்ச்சியைக் கொஞ்சங் கொஞ்சமாகப் பறித்துவிடுகிறது. டயரிலும் இதுவே நிகழ்கிறது, ஆனால் அங்கே நிலைமை இன்னும் கடுமை. சக்கரத்தில் மாட்டிய டயருக்குள் சதுர அங்குலத்துக்கு முப்பது பவுண்டுக்கு மேல் அழுத்தத்தில் காற்று அடைபட்டிருக்கிறது. அந்தக் காற்றின் ஆக்சிஜன் உள்ளிருந்தே மெல்ல மெல்லக் கசிந்து, நடுவிலுள்ள எஃகுக் கம்பிப் பட்டைகளை ஒட்டிப் பிடித்திருக்கும் ரப்பரைச் சென்றடைகிறது. அந்த ரப்பர் இறுகி ஒட்டும் வலுவை இழக்கும்போது, நெடுஞ்சாலை வேகத்தில், கொதிக்கும் வெயிலில், மேல் பட்டை உரிந்து தனியே கழன்றுவிட இடமுண்டு. இதில் அஞ்ச வேண்டியது என்னவென்றால், இந்தச் சிதைவு நடப்பதெல்லாம் உள்ளே. வெளியே பார்த்தால் பட்டன் ஆழமாக இருக்கும், கறுப்பு நிறம் மின்னும். நம் ஓட்டுநர்கள் டயரின் நலத்தைப் பட்டனை வைத்தே அளக்கிறார்கள். தேய்மானத்துக்கு அது சரியான அளவுகோல்தான். மூப்புக்கு அது அளவுகோலே அன்று.

இதற்கு மிகக் கொடிய சான்று இங்கிலாந்தில் கிடைத்தது. 2012 செப்டம்பரில் வைட் தீவில் நடந்த ஓர் இசை விழாவிலிருந்து லிவர்பூலுக்கு இளைஞர்களை ஏற்றிக்கொண்டு திரும்பிய பேருந்து, சர்ரே மாவட்டத்தில் ஹைண்ட்ஹெட் என்ற ஊருக்கருகே, முன் டயர் வெடித்துச் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. ஓட்டுநரும் பயணிகள் இருவரும் மாண்டனர். வெடித்த டயரை ஆராய்ந்தபோது அதன் வயது பத்தொன்பதரை ஆண்டு எனத் தெரிந்தது. அந்தப் பேருந்தைவிட அதன் டயர் மூத்தது! இத்தனைக்கும் பட்டன் ஆழம் சட்டம் கேட்கும் அளவுக்கு இருந்தது. அத்தனை பழைய டயரைத் தடுக்க அந்நாட்டுச் சட்டத்தில் அன்று ஒரு வரிகூட இல்லை. இறந்த இளைஞர்களில் ஒருவருடைய தாயார் ஓயாமல் குரல் கொடுத்தார். பல ஆண்டுகள் கழித்து, 2021 பிப்ரவரி 1 முதல், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் லாரி, பேருந்துகளின் முன் அச்சில் பத்தாண்டுக்கு மேற்பட்ட டயர்களை ஓட்டுவது தடை செய்யப்பட்டது. சிற்றுந்துகளின் ஒற்றைச் சக்கரங்களுக்கும் அத்தடை பொருந்தும். தனியார் கார்களை அச்சட்டம் தொடவில்லை. காரின் டயருக்குக் காவல் அதன் உரிமையாளரேதான்.

வெயிலுக்கும் இதில் பெரும் பங்குண்டு. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு ஃபயர்ஸ்டோன் டயர்களில் மேல் பட்டை உரிந்து பெரும் உயிர்ச்சேதம் விளைந்து, இலட்சக்கணக்கில் அவை திரும்பப் பெறப்பட்டதைப் பலர் அறிவர். அந்த விபத்துகள் தெற்கேயுள்ள வெப்ப மாநிலங்களிலேயே அதிகம் நேர்ந்தன. பின்னர் அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் கணக்குகளை ஆராய்ந்து 2007இல் அறிக்கை அளித்தது. டெக்சாஸ், கலிபோர்னியா, லூசியானா, புளோரிடா, அரிசோனா ஆகிய ஐந்து மாநிலங்களில் இருந்தவர்கள் அந்நிறுவனத்தின் காப்பீட்டாளர்களில் 27 விழுக்காடுதான். ஆனால் டயர் தொடர்பான இழப்பீட்டுக் கோரிக்கைகளில் 77 விழுக்காடு அந்த ஐந்து மாநிலங்களிலிருந்தே வந்திருந்தன. அவற்றிலும் 84 விழுக்காடு ஆறாண்டுக்கு மேற்பட்ட டயர்கள். வேலூரிலும் மதுரையிலும் சித்திரை வெயிலில் வண்டி ஓட்டுகிற நமக்கு இந்தக் கணக்கு அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றாது. வளைகுடாவில் கார் வைத்திருக்கும் நம் உறவினர்களுக்கோ சொல்லவே வேண்டியதில்லை.

சரி, கடையில் கிடக்கும் புது டயர் எப்படி? மேலே சொன்னதை நினைவில் வைத்துப் பார்த்தால் விடை எளிது. கடைத் தட்டில் இருக்கும் டயருக்குள் அழுத்தக் காற்று இல்லை. அதன்மேல் வண்டியின் பாரமும் இல்லை. ஓடி ஓடிச் சூடேறுவதும் இல்லை. ஆகவே கடையில் கழிந்த ஓராண்டும் சக்கரத்தில் கழிந்த ஓராண்டும் சமமல்ல. கடையில் அது மூப்படைகிறது, ஆனால் மிக மெதுவாக. ஜெர்மனியின் டயர் வணிகர் சங்கம் மூன்றாண்டுக்கு உட்பட்ட, முறையாகச் சேமித்த டயரை ஆலையிலிருந்து வந்த புதுச் சரக்காகவும், ஐந்தாண்டுக்கு உட்பட்டதைப் புது டயராகவும் கணக்கிடுகிறது. ஆகவே உற்பத்தியாகி நான்கைந்து மாதமே ஆன டயரைப் பார்த்து, "இது பழைய சரக்கு, போன வாரத்துத் தேதி கொண்டு வா" என்று கடைக்காரரிடம் சண்டை பிடிப்பது நியாயமன்று. ஆலையிலிருந்து கிடங்குக்கும் கிடங்கிலிருந்து கடைக்கும் வருவதற்கே மாதங்கள் ஆகும். அதிகம் விற்காத அளவு டயர் என்றால் இன்னும் தாமதமாகும்.

ஆனால் "முறையாகச் சேமித்த" என்ற சொல்லைக் கவனியுங்கள். வெயில் படாத, குளிர்ந்த, காற்றில் ஈரம் மிகாத இருட்டறையில் இருந்த டயருக்குத்தான் இந்தச் சலுகை. நம் ஊர்களில் பல டயர் கடைகளில் காலை முதல் மாலை வரை சாலையோர வெயிலில் டயர்களை அடுக்கி விளம்பரமாக வைத்திருப்பதைக் காண்கிறோம். அப்படி ஒரு கோடை முழுவதும் வெந்த ஓராண்டு டயரைவிட, உள்ளே நிழலில் இருந்த இரண்டாண்டு டயரையே நான் தேர்ந்தெடுப்பேன். தேதியைப் பார்க்கிற கண் இடத்தையும் பார்க்க வேண்டும்.

இந்தத் தேதி எல்லாருக்கும் ஒரே அளவு முக்கியமா என்றால், இல்லை. நாற்பதாயிரம் கிலோமீட்டர் உழைக்கக்கூடிய டயர் என்று வைத்துக்கொள்வோம். வாடகைக் கார் ஓட்டும் சகோதரர் அதை ஓராண்டிலேயே தேய்த்துவிடுவார். நாள்தோறும் அலுவலகம் செல்கிறவர் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் ஓட்டினால் மூன்றரை ஆண்டுக்குள் தேய்த்துவிடுவார். இவர்களுடைய டயர் மூப்படைவதற்கு முன்பே தேய்ந்து போகிறது. வாங்கும்போது ஓராண்டு கூடுதலாக இருந்தாலும் பெரிய நட்டமில்லை.

நம் சமுதாயத்தில் வேறொரு வகைக் கார் உண்டு. வீட்டுத் தலைவர் சவூதியிலோ துபாயிலோ இருப்பார். கார் வீட்டு வாசலில் உறை போர்த்தி நிற்கும். மருத்துவமனை, திருமணம், பெருநாளில் உறவினர் வீடு, விமான நிலையம் - இவற்றுக்கு மட்டும் வெளியே வரும். ஆண்டுக்கு நாலாயிரம் கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். எட்டாண்டு ஆனாலும் பட்டன் முழுதும் தேய்ந்திராது. விடுமுறையில் வந்தவர் அதைப் பார்த்து, "டயர் புதுசு போல இருக்கிறதே" என்று மகிழ்ந்து, பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் திருச்சிக்கோ சென்னைக்கோ விரைவார். இந்த வண்டிதான் என்னைக் கவலைக்குள்ளாக்குகிறது. அதிலும் ஓடாத டயருக்கு மற்றொரு கேடு உண்டு. ரப்பரில் கலந்துள்ள பாதுகாப்பு மெழுகும் மருந்துகளும், டயர் உருண்டு வளைந்து கொடுக்கும்போதுதான் நன்கு மேற்பரப்புக்கு வந்து காக்கும். நின்றே கிடக்கும் டயரில் பக்கச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் விரைவில் தோன்றும். இத்தகைய காருக்குப் புது டயர் வாங்குகிறவர்தான் தேதியைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டியவர். ஏனெனில் அவருடைய டயர் தேய்ந்து முடிவதில்லை, வயதால்தான் முடிகிறது. மூன்றாண்டுப் பழைய சரக்கை வாங்கினால், அவருக்குரிய ஆயுளில் பாதியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

எத்தனை ஆண்டில் மாற்றுவது? கார் நிறுவனங்கள் பல ஆறாண்டு என்கின்றன. ஃபோர்டு நிறுவனம் 2005 முதல் அவ்வாறே சொல்லி வந்தது. மிச்சலின் போன்ற டயர் நிறுவனங்கள், ஐந்தாண்டுக்குப் பின் ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டிச் சோதிக்கவும், பத்தாண்டில் எப்படி இருந்தாலும் கழற்றிவிடவும் சொல்கின்றன. நம் வெயிலுக்கு நான் ஆறு பக்கமே நிற்பேன். பத்து என்பது மூடுபனி நாட்டுக்குப் பொருந்தலாம்.

விற்பவருக்கும் ஒரு சொல். மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டிய நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். நனைந்ததை மேலே வைத்து மக்கள் காணச் செய்திருக்க வேண்டும் என்பதே அந்த வணிகருக்குக் கிடைத்த அறிவுரை. டயரில் ஈரம் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். நான்காண்டுச் சரக்கை விற்பது குற்றமன்று. "இது நான்காண்டுச் சரக்கு, அதனால் இவ்வளவு குறைத்துத் தருகிறேன்" என்று சொல்லி விற்றால் இருவருக்கும் நிம்மதி. தேதி தெரியாத வாடிக்கையாளரிடம் முழு விலை வாங்கி, தேதிப் பக்கத்தை உட்புறமாகத் திருப்பி மாட்டி அனுப்புவது வேறு. வாங்கியவருக்கு அக்குறை தெரிந்ததும் பொருளைத் திருப்பித் தரும் உரிமை நம் சட்ட நூல்களில் தெளிவாகப் பேசப்பட்ட ஒன்று.

கடைக்குச் சென்றதும் நான்கு டயரையும் இறக்கி வைக்கச் சொல்லி நான்கின் தேதியையும் படியுங்கள். நான்கும் ஒரே வாரமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று இவ்வாண்டும் மற்றொன்று மூன்றாண்டுக்கு முன்பும் என்றிருந்தால் மாற்றித் தரச் சொல்லலாம். ஓராண்டுக்குள் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். இரண்டை நெருங்கினால் சேமித்த இடத்தைப் பாருங்கள். அதற்கு மேல் என்றால் விலை பேசுங்கள். ஐந்தைத் தாண்டிவிட்டால் பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம். தேதி புதிது என்பதற்காக, உங்கள் வண்டிக்குரிய அளவும் பாரம் தாங்கும் எண்ணும் பொருந்தாத டயரை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அது பழைய டயரைவிட ஆபத்து. ரசீதில் டயரின் எண்ணையும் தேதிக் குறியையும் எழுதி வாங்குங்கள். பின்னால் உத்தரவாதம் கேட்கப் போகும்போது ரசீது இல்லையென்றால் உற்பத்தி நாளிலிருந்தே கணக்கிடும் நிறுவனங்கள் உண்டு.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரத்து ஸ்டெப்னி தெருவில் 1904ஆம் ஆண்டு வாக்கில் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். அந்தத் தெருவின் பெயர்தான் நம் பஞ்சர் கடை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது! பெயருக்கு இருக்கும் கவனம் பொருளுக்கு இல்லை. ஸ்டெப்னியிலும் அழுத்தக் காற்று இருக்கிறது. ஆகவே தரையைத் தொடாமலே அது வயதாகிறது. நான்கு டயரையும் மாற்றிவிட்டு, பத்தாண்டுக்கு முன் வண்டியோடு வந்த ஸ்டெப்னியை அப்படியே டிக்கியில் வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். நடுவழியில் கைகொடுக்க வேண்டியது அது.

கழற்றிய பழைய டயர்களை என்ன செய்கிறீர்கள்? கடைக்காரர் ஒன்றுக்கு இருநூறோ முந்நூறோ கழித்துக்கொண்டு எடுத்துக்கொள்வார். பட்டன் நிறைந்த எட்டாண்டு டயர் என்றால் அது பெரும்பாலும் மறுசுழற்சிக்குச் செல்வதில்லை. கறுப்புச் சாயம் பூசி, பழைய டயர் கடையில் தொங்கி, காசில்லாத யாரோ ஒருவரின் வண்டியில் ஏறுகிறது. வயதுக்காக நீங்கள் கழற்றிய டயரானால் அந்த முந்நூறு ரூபாயை விட்டுவிட்டு, பக்கச் சுவரில் கத்தியால் ஆழமாக ஒரு கீறல் போட்டுத் தரச் சொல்லுங்கள்.